நெஞ்சில் கை வைத்தவள்

மங்கையர்க்கரசி ஊர் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும் என்று ஆண்கள் கூடி முடிவு செய்த நேரத்தில், அவள் காரைக்கால் டவுனில் நெத்திலி விற்றுக்கொண்டிருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடலோர ஊர்களில் அதுதான் வழக்கம். பெண்பிள்ளை மேல் பிராது வந்தால் புருஷன் வந்து பதில் சொல்வான். புருஷன் இல்லாவிட்டால் அண்ணன், தம்பி, கொழுந்தன் என்று வேட்டி கட்டிய யாராவது ஒருவன் வருவான். பிராதுக்கு உரியவள் மட்டும் வரக்கூடாது. இந்த நியாயத்தை எந்தப் புண்ணியவான் எழுதி வைத்தானோ தெரியவில்லை.

ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அரசலாறு கடலில் கலக்கும் இடத்திலிருந்து நடக்கிற தூரம், அவ்வளவு போதும். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த இரண்டு அறை வீட்டில் மங்கை தனியாக இருந்தாள். வயது நாற்பத்து மூன்று. ஒரே மகளை நாகூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. விடியற்காலையில் கரையில் ஏலம் எடுப்பாள், எட்டு மணிக்கு அன்னக்கூடையோடு டவுனுக்குப் போவாள், மதியம் திரும்புவாள். இடுப்பில் சுருக்குப் பையும், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய நோக்கியா போனும் இருக்கும். பிராது அந்தப் போனால் வந்தது.

அவள் புருஷன் குணசேகரன் இரண்டாயிரத்து ஆறில் செத்தான். கடலில் இல்லை, கரையில். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். ஓடி வந்தவர்களில் ஒருவர் வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். ஒருவர் சோடாவை உடைத்து வாயில் ஊற்றினார். இரண்டு பேர் உள்ளங்காலைத் தேய்த்தார்கள். மங்கை முந்தானையால் விசிறினாள். ஆட்டோ வரும்வரை இருபது நிமிஷம் விசிறிக்கொண்டே நின்றாள்.

அதற்கு அடுத்த வருஷம் டவுனையொட்டிய தருமபுரத்தில் மீன் வாங்க வந்த தெட்சிணாமூர்த்தியிடம் இதைச் சொன்னாள். அவர் ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸ். வஞ்சிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"நெஞ்சு நின்னுபோனா ரத்தத்த யாராச்சும் தள்ளி விடணும்மா. நெஞ்சுக்கு நடுவுல ரெண்டு கையையும் வச்சு, விடாம அழுத்தணும். டாக்டர் வர்ற வரைக்கும் கைதான் மோட்டாரு."

"யாரு வேணாலும் அழுத்தலாமா சார்?"

"யாரு வேணாலும் அழுத்தலாம்."

"அப்படின்னா அன்னிக்கி நான் விசிறிக்கிட்டு நின்னேனே."

அவர் வஞ்சிரத்தைக் கூடையிலேயே வைத்துவிட்டார். மங்கைக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சாவிக்கொத்து மேலா, சோடா மேலா, தன் முந்தானை மேலா? நெஞ்சு நின்றவர்களுக்கு ஓடிப்போய் உதவத் தெட்சிணாமூர்த்தி ஆள் திரட்டிய குழுவில் அவளைச் சேர்த்தது அந்தக் கோபம்தான். தொண்டு, சேவை என்பதெல்லாம் பிறகு நோட்டீஸில் அச்சடித்த வார்த்தைகள்.

குழுவில் இருபத்தாறு பேர். ஆட்டோக்காரர்கள், தையல் டீச்சர், நெடுங்காட்டிலிருந்து வந்து டவுனில் பால் ஊற்றும் ஒருவர், மருந்துக்கடைப் பையன்கள் என்று கலந்து கட்டிய கூட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் அரிசிச் சாக்கில் பழைய சைக்கிள் டியூப்களைத் திணித்து, அதை மனிதனாக வைத்துப் பழகினார்கள். எவ்வளவு வேகத்தில் அழுத்துவது என்று எல்லாரும் தடுமாறினார்கள். மங்கை தடுமாறவில்லை. கூடைக்கு மீன் எண்ணிப் போடும் வேகம் அவளுக்குக் கையிலேயே இருந்தது. அதுவே சரியான வேகம் என்றார் தெட்சிணாமூர்த்தி. அன்றிலிருந்து டீச்சர் முதற்கொண்டு எல்லாரும் மீன் எண்ணப் பழகினார்கள்.

இடத்தை எப்படிச் சொல்வது என்பது பெரிய தலைவலியாக இருந்தது. அப்போதிருந்த போன்களில் தமிழ் எழுத்து வராது. இங்கிலீஷில் அனுப்பினால் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. கடைசியில் மின்கம்பத்தைப் பிடித்தார்கள். ஒவ்வொரு கம்பத்திலும் பெயின்ட்டில் எண் எழுதியிருக்கும். யாருக்காவது நெஞ்சடைத்தால் வீட்டார் தெட்சிணாமூர்த்தி வீட்டுக்குப் போன் செய்து வாசல் கம்பத்தின் எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண் மட்டும் இருபத்தாறு போனுக்கும் ஒரே நேரத்தில் மெசேஜாகப் போகும். கிட்ட இருப்பவர் ஓட வேண்டும். தெருத் தெருவாக மீன் விற்கிறவளுக்கு இதில் என்ன கஷ்டம்? ஒரே மாதத்தில் டவுன் கம்பங்கள் பூராவும் மங்கைக்கு மனப்பாடம்.

இரண்டாயிரத்து எட்டு, மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு 214 என்று வந்தது. இரண்டு தெரு தள்ளி. அப்துல் லத்தீப் வீட்டு வாசல் கம்பம். சென்ட்டு, சோப்பு, குடை என்று வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடைக்காரர். வீட்டுக்காரி ஹஃப்ஸா மங்கையின் பத்து வருஷத்து வாடிக்கை. மங்கை கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடினாள்.

கூடத்தில் லத்தீப் மல்லாந்து கிடந்தார். மூச்சு இல்லை. ஆண்கள் எல்லாரும் கடைக்குப் போன நேரம். நாலைந்து பெண்கள் சுற்றி நின்றார்கள். ஒரு பெண் டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தாள், லத்தீப் கையில் இரும்புச் சாவி இருந்தது. அந்தச் சாவியைப் பார்த்ததும் மங்கைக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. பிடுங்கி எறிந்தாள்.

"தண்ணி குடுக்காதீங்க. எல்லாரும் தள்ளுங்க."

"அந்நிய ஆம்பளம்மா அவங்க," என்றாள் டம்ளர் வைத்திருந்தவள்.

"செத்துட்டா எல்லாருக்கும் அந்நியந்தான்," என்று சொல்லிவிட்டு மங்கை முட்டி போட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். வாய்விட்டு எண்ணினாள். எழுபதைத் தாண்டும்போது கைக்குக் கீழே ஏதோ முறிந்தது. பனங்குச்சி ஒடிந்தது போலச் சத்தம். ஹஃப்ஸா அலறினாள். எலும்பு உடைந்தாலும் நிறுத்தாதே, உடைந்தது ஒட்டிக்கொள்ளும், செத்தது எழாது என்று தெட்சிணாமூர்த்தி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மங்கை நிறுத்தவில்லை. ஆட்டோக்காரர் ஒருவரும் தையல் டீச்சரும் வந்து கை மாற்றும்வரை ஒன்பது நிமிஷம் ஒற்றை ஆளாக அழுத்தினாள். ஆஸ்பத்திரியில் கரண்ட் ஷாக் வைத்தபோது நெஞ்சு திரும்ப அடித்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் மங்கைக்கு மாலை போட்டிருப்பார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் லத்தீப் இறந்துபோனார்.

மையித்தைக் குளிப்பாட்டியவர்கள் நெஞ்சில் கறுத்துக் கன்றியிருந்ததைப் பார்த்தார்கள். எலும்பு அசைவதையும் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் துக்கம் தாளாமல் டீக்கடையில் சொன்னார். டீக்கடையில் சொன்னது மீன் மார்க்கெட்டுக்கு வந்து, அங்கே கண்ணும் காதும் முளைத்து, மங்கையின் ஊருக்கு வந்தபோது "மீன்காரி மிதிச்சே கொன்னுட்டா" என்று ஆகியிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஊர்த் தலைவர் மாணிக்கவேல் கெட்டவர் இல்லை. பயந்தவர். கெட்டவரைவிடப் பயந்தவரோடு மல்லுக்கட்டுவதுதான் கஷ்டம். நாளைக்கு ஜமாத்திலிருந்து ஆள் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது, போலீஸ் கேஸ் ஆனால் மொத்த ஊருக்கும் அசிங்கமல்லவா என்று அவருக்குத் தூக்கம் போயிற்று. அதனால், யாரும் கேட்காத கேள்விக்கு அவரே பதில் தயார் செய்தார். மங்கை விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். போனை ஊரிடம் ஒப்படைக்க வேண்டும். இனி அந்தக் குழுவோடு சவகாசம் கூடாது. மறுத்தால் கரை ஏலத்தில் அவளுக்கு மீன் கிடையாது. ஏலம் இல்லாவிட்டால் கூடை காலி, கூடை காலியானால் அடுப்பும் காலி. ஊருக்குத் தெரியும், எங்கே அடித்தால் வலிக்கும் என்று.

கொழுந்தன் முத்தையன் வந்து சேதி சொன்னான். அவன்தான் கரையில் ஏலம் கூறுகிறவன். நல்ல பிள்ளை, ஆனால் தலைவர் இருமினால் இவனுக்குச் சளி பிடிக்கும்.

"நான் பேசிக்கிறேன் அண்ணி. தெரியாம செஞ்சுட்டாங்கன்னு சொல்றேன். நீங்க வந்து ஒரு தடவ விழுந்து எந்திரிச்சா முடிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுதான் தம்பி செஞ்சேன்," என்றாள் மங்கை.

வாய் அப்படிச் சொன்னதே தவிர, ராத்திரி முழுக்க அவள் பாயில் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். நம் கையால்தான் செத்தாரோ? அந்த எலும்பு முறிந்த சத்தம் காதை விட்டுப் போகவில்லை. மறுநாள் காலை, கூடை இல்லாமல், லத்தீப் வீட்டுக்கு நடந்தாள். ஹஃப்ஸா புருஷனுக்காக இத்தாவில் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக்கூடாது, அந்நிய ஆண் முகத்தில் விழிக்கக்கூடாது. பெண்கள் போய்ப் பார்க்கலாம். உள் அறையில் வெள்ளைத் துணியில் உட்கார்ந்திருந்தவளின் முன்னால் மங்கை நின்றாள்.

"என்னாலதான் போயிட்டாங்களா அக்கா?" என்று கேட்டே விட்டாள்.

ஹஃப்ஸா நிமிர்ந்து பார்த்தாள். "உக்காரு மங்கை. யாரு சொன்னா?"

"ஊரு சொல்லுது."

"ஊருக்கு என்னா தெரியும்? அன்னிக்கி கூடத்துலயே மவுத்தாயிட்டாங்க. நான் பாத்தேன். நீ வந்து இழுத்துப் புடிச்ச. மறுநாளு ரஃபீக்கு சார்ஜாவுலேருந்து வந்துட்டான். அஞ்சு வருஷமா பாக்காத புள்ள. 'வாப்பா'ன்னான், கண்ணத் தொறந்தாங்க. அவன் கையப் புடிச்சுக்கிட்டு, 'எளச்சிட்டியே'ன்னாங்க." ஹஃப்ஸா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழிய விட்டாள். "ரெண்டு நாளு, மங்கை. எம் புள்ளைக்கு வாப்பா ரெண்டு நாளு கெடச்சாங்க. எலும்பு போனா போவுது. ஜமாத்துல ஒருத்தரும் ஒன்ன ஒண்ணும் சொல்லல. நான் வெளிய வர முடியாது. நீயே போயிச் சொல்லு, நான் சொன்னேன்னு."

மங்கை எழுந்து நேராக ஊருக்கு நடந்தாள்.

அன்று சாயங்காலம் மாரியம்மன் கோயில் தகரக் கொட்டகையில் பஞ்சாயத்து கூடியது. ஆண்கள் கொட்டகைக்குள், பெண்கள் வெளியே வலை காயும் மணலில். முத்தையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆரம்பித்தான்.

"எங்க அண்ணி தெரியாத்தனமா..."

"நிறுத்து தம்பி." மங்கை கொட்டகைக்குள் வந்துவிட்டாள். பொம்பளை காலடி அங்கே பட்டதே இல்லை என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். நேற்றுக் காலையில் அந்தக் கொட்டகையைப் பெருக்கியது யார் என்று அவர்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

"எம் பிராதுக்கு நானே பேசுறேன்," என்றாள். ஹஃப்ஸா சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

மாணிக்கவேல் தாடையைத் தடவினார். "அதெல்லாம் சரி தங்கச்சி. இந்தத் தடவ அவங்க நல்ல மனுசங்க, விட்டுட்டாங்க. அடுத்த தடவ? கண்ட ஆம்பள நெஞ்சுல நம்மூரு பொம்பள கைய வைக்கிறதாவது. புருசன் இல்லாதவ வேற. ஊரு சிரிக்குது. விழுந்து எந்திரிச்சுட்டு, அந்தப் போன இஞ்ச வச்சுட்டுப் போ."

மங்கை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு முட்டி போட்டாள்.

விழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். முத்தையனுக்கு மூச்சு வந்தது. அவள் கையை நீட்டி, தூணோரம் கிடந்த பழைய வலைச் சாக்கை இழுத்துத் தன் முன்னால் கிடத்தினாள். அதன் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

"என்னா பண்ற?" என்றார் மாணிக்கவேல்.

"எம் புருசன் இந்தக் கரையிலதான் விழுந்தாரு," என்றாள், கை நிற்காமல். "சாவி குடுத்தீங்க. சோடா குடுத்தீங்க. நானும் விசிறினேன். இப்புடி ஒருத்தரும் செய்யல. தெரியாது, அதனால செய்யல. இப்பத் தெரியும். தெரிஞ்சும் செய்யாம இருந்தா அதுக்குத்தான் விழுந்து கும்பிடணும்." எண்ணிக்கை நூறைத் தாண்டியது. நெற்றி வியர்த்தது. "ரெண்டு நிமிசத்துக்கு மேல ஒரே ஆளு அழுத்துனா பலம் கொறஞ்சுபோவும். கை ஓஞ்சுபோவும். மாத்தி வுட ஆள் வேணும். யாராச்சும் வாங்க."

நாற்பது ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுயர அலையில் படகு தள்ளுகிறவர்கள். ஒருவர்கூட அசையவில்லை. மங்கை இருநூறு வரை எண்ணினாள். தோள் நடுங்குவது எல்லாருக்கும் தெரிந்தது. அவள் நிறுத்தவும் இல்லை, மறுபடி கூப்பிடவும் இல்லை.

மணலிலிருந்து அன்னபூரணி எழுந்து வந்தாள். கரையில் மங்கையோடு போட்டி போட்டு ஏலம் எடுக்கிறவள். இந்தப் போன் விஷயத்தில் "ஊருக்கு உபகாரி, வீட்டுக்கு ஒபத்திரவம்" என்று மங்கையைக் கேலி செய்தவளும் அவள்தான். சேலையை வரிந்துகொண்டு கொட்டகைக்குள் நுழைந்து எதிரில் முட்டி போட்டாள்.

"எங்க வைக்கணும் அக்கா?"

"இஞ்ச. நடுவுல. முழங்கைய மடக்காத. மீன் எண்ணுற மாதிரி எண்ணு."

அன்னபூரணி எண்ண ஆரம்பித்ததும் வெளியே மணலில் இருந்த பெண்களும் எண்ணினார்கள். தலைவர் இரண்டு தடவை எழுந்து, இரண்டு தடவை உட்கார்ந்தார். கடைசியில், விட்டுக்கொடுத்தால் மதிப்புப் போய்விடும் என்ற ஒரே காரணத்துக்காக, கூட்டத்தின் இரைச்சலுக்கு மேல் தீர்ப்பைச் சொன்னார். நாளையிலிருந்து மங்கைக்குக் கரையில் ஏலம் இல்லை. போனை ஒப்படைக்கிற அன்றைக்கு மீன்.

மறுநாள் விடியற்காலை படகுகள் வந்தன. அன்றைக்கு மத்தி கொட்டிக் கிடந்தது. முதல் குவியல் மாணிக்கவேலின் சொந்தப் படகு மீன். முத்தையன் குரலெடுத்து விலை கூறினான். மங்கை முதல் ஆளாகக் கேட்டாள். அவன் வேறு பக்கம் பார்த்தான்.

"வேற யாரு? கேளுங்க."

முப்பது பெண்கள் கூடையோடு நின்றார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அன்னபூரணி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். முத்தையன் விலையை இறக்கினான். மங்கை மட்டும் மறுபடியும் முதலில் சொன்ன விலையையே சொன்னாள். அவன் இன்னும் இறக்கினான். யாரிடமும் மூச்சு இல்லை. பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு விற்கத் தெரியாது. கூடை தூக்க ஆள் இல்லாவிட்டால் கடல் முழுக்க மீன் இருந்தும் கரைக்குப் பிரயோஜனம் இல்லை. இது எல்லாருக்கும் எப்போதும் தெரிந்த சங்கதிதான். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார்கள்.

வெயில் ஏறியது. மத்தி வெயில் பொறுக்காத மீன். வயிறு உடைய ஆரம்பித்தால் கருவாட்டுக்குக்கூடத் தேறாது. காக்கை வந்து உட்கார்ந்தது. படகுக்காரர்கள் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் கடலைப் பார்த்தார்.

ஏழரை மணிக்கு மாணிக்கவேல் மங்கையின் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்தா பாரு, பெரியவன் நானே எறங்கி வர்றேன். போன நீயே வச்சுக்க. ஊருக்குள்ள இருக்கறப்ப மட்டும் அணைச்சு வையி. டவுனுல என்னா வேணும்னாலும் பண்ணிக்க. எம் பேச்சும் நிலைச்ச மாதிரி இருக்கும்."

அது ஒரு நல்ல பேரம். ஏற்றுக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பக்கத்தில் நின்ற முத்தையன் கண்ணாலேயே கெஞ்சினான்.

"ஊருக்குள்ளதான் அண்ணே எம் புருசன் விழுந்தாரு," என்றாள் மங்கை. அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "அணைக்க மாட்டேன். முத்தையா, எவ்வளவு நேரம் நிக்கிறது? ஏலத்தச் சொல்லு."

முத்தையன் தலைவரைப் பார்த்தான். தலைவர் போய்த் தன் படகின் முன் அணியத்தில் உட்கார்ந்துகொண்டார். முத்தையன் குவியலுக்குத் திரும்பினான். ஒரு தரம் என்றான், ரெண்டு தரம் என்றான். மூன்றாம் தரம் சொல்லிக் குவியல் மங்கைக்கு என்று கூறினான்.

மங்கை குனிந்து மீனை அள்ளினாள். அன்னபூரணி வெற்றிலையைத் துப்பிவிட்டு முன்னால் வந்தாள். அடுத்த குவியலுக்கு விலை கேட்கும் முன்பு, கரையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்:

"அக்கா, அந்த நர்ஸ் சார்கிட்ட சொல்லு. எம் போன் நம்பரயும் சேத்துக்கட்டும்."